குரோம்பேட்டைத் தோலும் கடைவாய்ப் பல்லும்

என் மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்தார். நீல நிறத்தில் ஒரு களிம்பைத் தடவி, சில நொடிகள் கழித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். குட்டித் தூரிகையால் ஏதோ ஒரு துளியைத் தேய்த்தார். பிறகு பல்லின் நிறத்திலேயே இருந்த ஒரு பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல விளக்கைப் பிடித்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. "இப்பவே சாப்பிடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏம்மா, வாய்க்குள்ள எப்பவும் எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. ஈரத்துல எந்தப் பசையும் ஒட்டாதே, இது மட்டும் எப்படிம்மா ஒட்டுது?"

பல் வைத்தியம் இரண்டு நூற்றாண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. அதற்கான பதிலில் பாதி, நாங்கள் நின்றிருந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அன்று அவளிடம் சாலையோரத்தில் சொன்னது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் வாயில் இருக்கும் ஃபில்லிங் வேறு வகை. நான் பள்ளியில் படிக்கும்போது மேற்குத் தாம்பரத்தில் அடைத்தது. கறுத்த வெள்ளி நிறத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது. "ஒரு நாள் முழுக்க இந்தப் பக்கம் மெல்லாதே" என்று அன்றைய மருத்துவர் எச்சரித்து அனுப்பியது நினைவிருக்கிறது. அதன் பெயர் அமால்கம். வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தோடு சேர்த்துப் பிசைந்தால் மாவு போலாகும். குழியில் வைத்து அழுத்தினால் சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டு, ஒரு நாளில் முழு வலிமைக்கு வரும். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். சீனத்தில் கி.பி. 659ஆம் ஆண்டு மருந்து நூல் ஒன்றிலேயே இத்தகைய பல்லடைப்புக் கலவை பற்றிய குறிப்பு உண்டு. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. 1840களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று, அமால்கத்தைத் தொடமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்கியது. 1856இல் அந்தச் சங்கம்தான் கலைந்தது, அமால்கம் நிலைத்தது. மலிவு, உறுதி, கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும் குணம் என மூன்றும் அதற்கு இருந்தன.

இல்லாதது ஒன்றே ஒன்று. அது பல்லோடு ஒட்டாது.

ஒட்டாத பொருளை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால் வடிவத்தால்தான் பூட்ட வேண்டும். கருங்கல் தூணில் இரும்புக் கொக்கி பதிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் குடைந்து, கொக்கியை நிறுத்தி ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் கல்லோடு ஒட்டுவதில்லை. வெளியே வர வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. பல்லிலும் அதே வேலைதான். கிரீன் வார்டிமன் பிளாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்தக் குடையும் கலைக்கு இலக்கணம் வகுத்தார். 1908இல் வெளிவந்த அவருடைய நூல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல் மருத்துவ மாணவர்களுக்கு வேதம். குழியின் சுவர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், அடி எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்ததோடு, பக்கத்துப் பள்ளங்களிலும் நாளைக்குச் சொத்தை வரக்கூடும், அதையும் சேர்த்தே வெட்டிவிடு என்றார். அவர் காலத்துப் பொருளுக்கும் அவர் காலத்துப் பல் துலக்கும் பழக்கத்துக்கும் அது சரியான அறிவுரை. ஆனால் அதற்கான விலையைப் பல் கொடுத்தது. மிளகளவு சொத்தைக்குக் கடலையளவு குழி. நல்ல பல்லையும் வெட்டியதால் மிச்சமிருக்கும் சுவர் மெலிந்துபோகும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து முறுக்கு கடிக்கும்போது ஒரு முனை உடைந்து விழும். பிறகு இன்னும் பெரிய ஃபில்லிங், வேர் சிகிச்சை, கேப், கடைசியில் பிடுங்குவது. என் அப்பா தலைமுறையில் எத்தனையோ பேருக்குப் பல் இப்படித்தான் படிப்படியாகப் போனது.

பல்லோடு உண்மையாகவே ஒட்டும் ஒரு பொருள் கிடைத்தால் இந்தக் குடைச்சலே தேவையில்லை. சொத்தையை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பல்லின் மேல் ஒட்டிவிடலாம். ஒட்டும் ஃபில்லிங்கின் உண்மையான பெருமை அதன் வெள்ளை நிறம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெட்டாமல் விட்ட பல்தான் அதன் பெருமை.

முதல் திறவுகோல் பெயின்ட் வேலையிலிருந்து வந்தது. உலோகத்தின் மேல் பெயின்டும் பிசின் பூச்சும் உரியாமல் பிடிப்பதற்காக முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பது தொழிற்சாலைகளில் வழக்கம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் துரு நீக்கிகள் பலவற்றிலும் இந்த அமிலம்தான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கொடையில் எழுந்த பல் மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்த மைக்கேல் புவனோகோர், இதையே பல்லின் எனாமலில் செய்து பார்த்தால் என்ன என்று யோசித்தார். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடி பல்லில் வைத்துக் கழுவி, உலர்த்தி, அதன்மேல் அக்ரிலிக் துளிகளை வைத்தார். வெறும் பல்லில் வைத்த துளிகள் மணிக்கணக்கில் உதிர்ந்தன. அமிலம் பட்ட பல்லில் வாரக்கணக்கில் நின்றன. 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்களே கொண்டது. பல் மருத்துவ உலகம் அதைக் கவனிக்கப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

என்ன நடந்தது? எனாமல், எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகங்கள் கோல் கோலாக அடுக்கி நிற்கும் கட்டடம் அது. அமிலம் இந்தக் கோல்களை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கரைப்பதில்லை. சில இடத்தில் கூடுதலாக, சில இடத்தில் குறைவாக அரிக்கும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த பரப்பு, சில நொடிகளில் நுண்ணிய பள்ளங்களும் முகடுகளுமாக மாறும். உலர்த்திப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளபளப்பில்லாத வெள்ளையாகத் தெரியும். மருத்துவர் தேடுவது அந்த வெள்ளையைத்தான். திரவப் பிசின் இந்தப் பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கிக் கெட்டியானால், ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆயிரக்கணக்கான நுண்வேர்கள் ஊன்றிக்கொள்ளும். கருங்கல் தூணில் ஒரு பெரிய குழி செய்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் குழிகள் பங்கிட்டுச் செய்கின்றன. இன்று எனாமலில் கிடைக்கும் பிடிப்பு ஏறக்குறைய 20 மெகாபாஸ்கல். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ தொங்கவிட்டாலும் தாங்கும் அளவு.

எதை ஒட்டுவது என்ற கேள்விக்கு ரஃபேல் போவன் பதில் சொன்னார். பல் மருத்துவரான அவர், அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் செய்யப் போனவர். அன்றைய அக்ரிலிக் ஃபில்லிங்குகள் கெட்டியாகும்போது மிகவும் சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விழுந்து, அதற்குள் மீண்டும் சொத்தை புகுந்தது. போவன் பெரிய மூலக்கூறு ஒன்றைக் கட்டினார். பிஸ்-ஜிஎம்ஏ என்பது அதன் சுருக்கப் பெயர். பெரிய மூலக்கூறு என்பதால் சுருக்கம் குறைவு. அதில் கண்ணாடித் துகள்களை நிறையச் சேர்த்தார்; துகளுக்கும் பிசினுக்கும் இடையே பாலமாக சிலேன் என்னும் பொருளைப் பூசினார். கான்கிரீட்டில் ஜல்லி சுருக்கத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுவது போலத்தான் இதுவும். 1962இல் காப்புரிமை கிடைத்தது. இன்று காம்போசிட் என்று மருத்துவர் சொல்லும் பசைக்கு மூலம் அதுதான். சென்னையிலேயே அனபாண்ட் ஸ்டெட்மன் என்ற நிறுவனம் ரெஸ்டோஃபில் என்ற பெயரில் இந்த வகைப் பசையைத் தயாரிக்கிறது.

அந்த நீல விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒளி பட்டவுடன் பசையைக் கெட்டியாக்கத் தொடங்கி வைக்கும் பொருளின் பெயர் கேம்ஃபர்குவினோன். கற்பூரத்திலிருந்து செய்யும் மஞ்சள் நிறப் பொடி. அது ஏறக்குறைய 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சி விழித்துக்கொள்கிறது. அது கிளப்பிவிடும் வினை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகிறது. பூஜையறைத் தட்டில் எரியும் பொருளின் நெருங்கிய உறவு நம் பல்லுக்குள்ளும் ஒளி வாங்கி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள்.

இதுவரை சொன்னது எனாமல் கதை. ஆனால் சொத்தை எனாமலோடு நிற்பதில்லை. உள்ளே இருக்கும் டென்டினுக்குள் இறங்கித்தான் பரவுகிறது. என் மகளின் கேள்வியும் அங்கேதான் உயிர் பெறுகிறது. ஏனென்றால் டென்டின் எப்போதும் ஈரம்.

டென்டினில் எடைக்கு 70 சதவீதம்தான் தாது. 20 சதவீதம் உயிர்ப்பொருள், 10 சதவீதம் தண்ணீர். பல்லின் நடுவிலிருக்கும் உயிர்த்தசையிலிருந்து வெளிப்புறம் நோக்கி நுண்குழாய்கள் ஓடுகின்றன. தசையை நெருங்கும் இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 40,000க்கும் மேற்பட்ட குழாய்கள். ஒவ்வொன்றிலும் திரவம் கசிந்துகொண்டே இருக்கும். காற்றடித்து உலர்த்தினாலும் மீண்டும் ஊறும். அடியிலிருந்து தண்ணீர் ஊறும் சுவரில் பெயின்ட் நிற்காது என்பது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு கட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டென்டினில் பிசின் ஒட்டாமல் போனதும் அதே காரணத்தால்தான்.

அந்த 20 சதவீத உயிர்ப்பொருளில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். நம் தோலுக்கும் ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் வலிமை தரும் அதே முதல் வகைக் கொலாஜன்.

குரோம்பேட்டை பெயர் வந்த கதை இந்தப் பகுதியில் பலருக்கும் தெரியும். 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே குரோம் லெதர் ஆலையைத் தொடங்கினார். குரோமிய உப்பில் தோல் பதனிடும் ஆலை. அந்த 'குரோம்' ஊர்ப்பெயராகி, பிறகு ரயில் நிலையப் பெயரும் ஆனது. சேம்பர்ஸ் காலனி இன்றும் இருக்கிறது. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் அதன்பின் டேனரிகள் பெருகின. அவை நிலத்தடி நீரில் விட்டுச்சென்ற குரோமியத்தின் துயரம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே எனக்கு வேண்டியது, அந்தத் தொட்டிகளுக்குள் நடந்த வேதியியல்.

பச்சைத் தோலை அப்படியே வெயிலில் காயவைத்தால் விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் போனதும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடுவதே காரணம். ஈரமாகவே விட்டால் அழுகும். அதனால் டேனரியில் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடியை நீக்கி, பிறகு உப்பும் அமிலமும் கலந்த நீரில் போடுவார்கள். அமிலம் இழைகளைத் தயார்ப்படுத்திய பிறகுதான் குரோமியம் உள்ளே போக முடியும். போன குரோமியம் கொலாஜனிலுள்ள கார்பாக்சில் என்ற அமிலக் கொக்கிகளைப் பிடித்து, ஓர் இழையை இன்னோர் இழையோடு கட்டிப்போடும். அதன்பின் தோல் அழுகாது. கொதிக்கும் நீரில் போட்டாலும் சுருளாது. இழைகளைத் திற, காயவிடாதே, திறந்த இடத்தில் வேறொரு பொருளை நுழைத்து நிரந்தரமாகக் கட்டு. தோல் பதனிடும் தொழிலின் சாரம் இவ்வளவுதான்.

இந்த இழை எப்படிப்பட்டது என்று உலகத்துக்குச் சொன்னதும் இதே ரயில் பாதையில்தான் நடந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஆறாவது நிலையம் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு கொலாஜனின் வடிவத்தைத் தேடினார்கள். அருகிலேயே அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. ஆய்வுக்கு மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. மிகத் தெளிவான படம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாரில் கிடைத்தது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட கயிறு போன்றது கொலாஜன் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்தக் கயிறே மேலும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று திருத்தி எழுதியது 1955இல். புவனோகோரின் கட்டுரை வந்த அதே ஆண்டு. ராச்செஸ்டரில் இருந்தவருக்கும் கிண்டியில் இருந்தவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கக் காரணமே இல்லை. இரண்டு வேலைகளும் ஒன்று சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

சேர்த்தவர்கள் ஜப்பானியர்கள். டென்டினில் அமிலம் வைத்தால் உள்ளே இருக்கும் உயிர்த்தசை செத்துவிடும் என்று மேலை நாட்டு மருத்துவர்கள் அஞ்சிக்கொண்டிருந்தபோது, டோக்கியோவில் டகாவோ ஃபுசயாமா 1979இல் எனாமல், டென்டின் இரண்டையும் சேர்த்தே அமிலத்தால் அரித்து ஒட்டிக் காட்டினார். சொத்தையில் கிருமி புகுந்து அழுகிய வெளிப்பகுதி வேறு, வெறுமனே தாது குறைந்த உட்பகுதி வேறு என்று சாயம் ஏற்றிப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். உட்பகுதியை வெட்ட வேண்டாம், அது தேறும் என்றார். பல்லை மிச்சப்படுத்துவதில் அவருடைய பங்கை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

1982இல் நோபுவோ நகபயாஷி, டென்டினில் என்னதான் நடக்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்டார். அமிலம் மேற்பரப்பிலுள்ள தாதுவைக் கரைத்துவிடுகிறது. எஞ்சி நிற்பது ஈரத்தில் மிதக்கும் கொலாஜன் இழைகளின் வலை. சரியான பிசின் அந்த வலைக்குள் புகுந்து, இழைகளைச் சுற்றி நிறைந்து கெட்டியாகிறது. பாதி பல், பாதி பிசின். சில மைக்ரான் தடிமனே உள்ள இந்த அடுக்குக்கு அவர் கலப்பு அடுக்கு என்று பெயரிட்டார். என் மகளின் பல்லில் அந்தத் தூரிகைத் துளி செய்த வேலை இதுதான். நுண்ணளவில் நடக்கும் தோல் பதனிடுதல் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அங்கேயும் தோல்காரர்களுக்குத் தெரிந்த பாடம் ஒன்றைப் பல் மருத்துவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒட்டுவதற்கு முன் நன்றாக உலர்த்த வேண்டும் என்பது எனாமல் கற்றுத்தந்த பழக்கம். அதே போல் டென்டினையும் காற்றடித்து உலர்த்தினார்கள். வெயிலில் காய்ந்த பச்சைத் தோல் மாதிரி, கொலாஜன் வலை படிந்து ஒட்டிக்கொண்டது. பிசின் புக இடமில்லை. ஃபில்லிங் போட்ட பல்லில் கூச்சமும் வலியும் வந்தன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜான் கான்கா, உலர்த்தாமல் லேசான ஈரத்தோடு விட்டு ஒட்டினால் பிடிப்பு வெகுவாகக் கூடுகிறது என்று காட்டினார். ஈரம் இருப்பதால்தான் வலை விரிந்து நிற்கிறது. அந்த ஈரத்துக்குள் புகத் தெரிந்த பிசின் வேண்டும். அதற்குக் கிடைத்தது ஹெமா என்ற சிறு மூலக்கூறு. கண்ணில் வைக்கும் மென் கான்டாக்ட் லென்ஸ் செய்ததும் அதே பொருளில்தான். அது தண்ணீரோடு கலந்து உள்ளே போகும். கூட வந்த ஆல்கஹாலோ அசிட்டோனோ ஆவியாகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அந்த இடத்தில் பிசின் நிற்கும்.

ஆக, ஈரத்தை விரட்டி ஒட்டுவதில்லை. ஈரத்தின் இடத்தைப் பிசின் மெல்ல வாங்கிக்கொள்கிறது. மகளுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

ஜப்பானின் குராரே நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த எம்டிபி என்ற மூலக்கூறு இன்னும் ஒரு படி போனது. அதன் ஒரு முனை பல்லின் கால்சியத்தை வேதிப் பிணைப்பால் பிடிக்கும். மறுமுனை பிசினோடு சேரும். கழுவுவதும் உலர்த்துவதும் இல்லாமல், அரித்தலும் ஒட்டுதலும் ஒரே துளியில் நடக்கும். இன்றைய துளி மருந்துகள் பலவற்றில் அது இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் டென்டின் ஒட்டு எனாமல் ஒட்டு அளவுக்கு நீடிப்பதில்லை. பிசின் எட்டாத அடியில் சில கொலாஜன் இழைகள் துணையில்லாமல் நிற்கும். டென்டினுக்குள்ளேயே புதைந்திருக்கும் நொதிகள் வருடக்கணக்கில் அவற்றை மெல்லத் தின்னும். பதனிடாத தோல் அழுகுவது போலவே. இதற்கு மருந்து தேடியவர்களும் தோல்காரர் வழிக்கே வந்து சேர்ந்தது என்னை வியக்க வைத்தது. தோல் பதனிடப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு, குளூமா என்ற பல் ஒட்டு மருந்தில் 1980களிலேயே சேர்ந்தது. மருந்தின் பெயரிலேயே அதன் முதல் எழுத்துகள் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளாகத் திராட்சை விதையிலிருந்து எடுக்கும் தாவரத் துவர்ப்புப் பொருளைக் கொலாஜனில் ஏற்றிப் பார்க்கிறார்கள். குரோமியம் வருவதற்கு முன் சென்னைத் தோல்கள் பெரும்பாலும் ஆவாரம்பட்டைத் துவர்ப்பில்தான் பதப்பட்டன. அதுவும் இதே குடும்பம்தான்.

ஒட்டும் ஃபில்லிங்கில் இன்னொரு கிளை உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கு அதுதான் பெரிய வரம் என்பது என் கருத்து. 1968இல் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித், பாலிஅக்ரிலிக் அமிலம் பல்லோடு தானாகவே ஒட்டும் என்று கண்டார். சங்கிலி நெடுகக் கார்பாக்சில் கொக்கிகள் உள்ள அமிலம் அது. தோல் தொட்டியில் கொக்கி கொலாஜனில், உலோகம் வெளியிலிருந்து வரும். இங்கே கொக்கி மருந்தில், உலோகமான கால்சியம் பல்லிலேயே காத்திருக்கிறது. லண்டன் அரசு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் இந்த அமிலத்தோடு ஃபுளோரைடு அடங்கிய கண்ணாடிப் பொடியைச் சேர்த்துக் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட்டைச் செய்தார்கள், 1972இல் வெளியிட்டார்கள். முதலில் அது கெட்டிப்பட நெடுநேரம் பிடித்தது. பிசைய நேரம் கொடுத்து, பிறகு சட்டென்று கெட்டிப்பட வைத்த சேர்மானம் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்புத் தருவதும் அதுதான்.

கிளாஸ் அயனோமர் காம்போசிட் அளவுக்கு வலுவானதல்ல. ஆனால் அது சுடச்சுடக் காபி குடித்தாலும் ஐஸ்கிரீம் சாப்பிட்டாலும் டென்டின் விரிந்து சுருங்கும் அளவுக்கே விரிந்து சுருங்கும், ஃபுளோரைடைக் கசியவிடும், விளக்கு வேண்டாம், டிரில் வேண்டாம், மின்சாரமே வேண்டாம். 1980களில் தான்சானியாவில் யோ ஃபிரென்கன் கையால் சுரண்டி இந்த வகைச் சிமென்ட்டால் அடைக்கும் முறையை வளர்த்தார். 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரப்ப முன்வந்தது. 2021இல் கிளாஸ் அயனோமர் அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பிடித்தது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பெஞ்சைப் போட்டு வலியில்லாமல் சொத்தை அடைக்க முடியும் என்றால், மாநகராட்சிப் பள்ளிகளில் அது வழக்கமாகவே ஆக வேண்டும். பள்ளிக்கரணையில் ஒன்று, வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்தில் ஒன்று, பொத்தேரியில் ஒன்று என்று நம் தென் புறநகரில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கற்றுக்கொள்ளும் கைகளும் இருக்கின்றன.

பல்வலி வந்தால் கிராம்பை வைத்துக் கடிப்பது நம் வீடுகளில் முதல் வைத்தியம். அதில் மரத்துப்போகச் செய்யும் யூஜினால் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடோடு அதைக் கலந்து தற்காலிக ஃபில்லிங்கும் செய்கிறார்கள். ஆனால் காம்போசிட்டுக்கு யூஜினால் எதிரி. கற்பூரத்தின் உறவுக்காரர் தொடங்கி வைக்கும் சங்கிலி வினையைக் கிராம்பின் சாறு இடையிலேயே விழுங்கிவிடும். பிசின் சரியாகக் கெட்டிப்படாது. பின்னால் வெள்ளை ஃபில்லிங் போடப்போகும் பல்லில் மருத்துவர் வேறு தற்காலிகச் சிமென்ட்டைத் தேடுவது அதனால்தான். தருமபுரிப் பக்கத்து ஃபுளோரைடு நீர் குடித்து வளர்ந்தவர்களின் எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. அவர்களுக்குக் கூடுதல் நேரம் அரிக்க வேண்டியிருக்கும். பிறந்து வளர்ந்த ஊரை மருத்துவர் கேட்டால் சொல்லுங்கள்.

காம்போசிட் இன்னும் 2, 3 சதவீதம் சுருங்கத்தான் செய்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் விளக்குப் பிடிப்பது அதைச் சமாளிக்கத்தான். எச்சிலோ ரத்தமோ ஒரு துளி பட்டாலும் ஒட்டு கெடும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டி நிதானமாக வேலை செய்யும் மருத்துவர் கிடைத்தால், அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்காக முகம் சுளிக்காதீர்கள். அமால்கம் பொறுத்துக்கொண்ட அவசரத்தை இது பொறுக்காது.

அமால்கத்தின் காலம் முடியப்போகிறது. காரணம் பாதரசம். அது என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்குக் கொடைக்கானல் சொல்லித் தந்தது. அங்கே வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும் மண்ணில் தங்கிய பாதரசத்துக்காக வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தை நிறுத்தியது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் 2034க்குள் உலகம் முழுவதும் நிறுத்த ஒப்புக்கொண்டன. இதைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கும் பழைய ஃபில்லிங்கைத் தோண்டி எடுக்கச் சொல்லி யாரும் ஓட வேண்டியதில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

ஆறு மாதம் கழித்து மகளை மீண்டும் அழைத்துப் போனேன். ஊசி முனையை ஃபில்லிங்கின் ஓரத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தார் மருத்துவர், எங்கும் தடுக்கவில்லை. என்னையும் உட்காரச் சொன்னார். மேற்குத் தாம்பரத்துக் கறுப்பு ஃபில்லிங்கைக் கண்ணாடியில் காட்டி, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். விளக்கை நகர்த்தி வெகுநேரம் பார்த்தார். "சுவர் ஒரு பக்கம் மெலிசா இருக்குங்க. ஆனா விரிசல் இல்லை. உடையற அன்னைக்குப் பார்த்துக்கலாம், அதுவரைக்கும் இதைத் தொட வேண்டாம்" என்றார். மகள் அருகே குனிந்து, அந்தக் குழியின் அகலத்தையும் தன் பல்லில் இருந்த சின்னப் புள்ளியையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.